மாவள்ளி மடத்து விலாசம்

மாவள்ளி, பெங்களூர்
9-8-1935

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தங்கை தாட்சாயிணி வணங்கி எழுதியது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் இங்கே சுகம். கள்ளிக்குப்பத்தில் நீங்களும் அண்ணியும் மூத்தவள் சாமுண்டியும் சின்னதுகளும் சுகமா? அண்ணியின் கால் வீக்கம் வடிந்ததா?

பெங்களூர் வந்து சேர்ந்து மாவள்ளியில் ஒரு மடத்தில் தங்கியிருக்கிறோம். யாத்திரை வருகிறவர்களுக்கு இங்கே அறையும் இரண்டு வேளைச் சாப்பாடும் உண்டு. கேழ்வரகுக் களியை மெல்லாமல் விழுங்க வேண்டுமாம். எனக்கு இன்னும் வரவில்லை, அவர் சிரிக்கிறார். மடத்துச் சமையற்கட்டில் கெங்கம்மாள் என்று ஒரு அம்மா இருக்கிறார்கள். கோலார் பக்கம். நம் பாஷை பேசுவதால் எனக்குத் துணையாக இருக்கிறது.

மடத்துக்குப் பின்னாலேயே லால்பாக் தோட்டம். அதை எப்படி எழுதுவது? ஏக்கர் ஏக்கராக ரோஜா மட்டும். மழைக்குக்கூட ஒதுங்கும்படி முழுக்க முழுக்கக் கண்ணாடியால் ஒரு மாளிகை. உள்ளே புஷ்பக் கண்காட்சி. துரைசானிகள் குடை பிடித்துக்கொண்டு தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்க்கிறார்கள். சாமுண்டி வந்திருந்தால் நகர்ந்திருக்க மாட்டாள். அவளிடம் சொல்லுங்கள், இங்கே நாவல் பழ நிறத்தில் ஒரு பூ இருக்கிறது.

அண்ணா, நேற்று வாசலில் அவர் எனக்கு மல்லிகை வாங்கிக் கொடுத்தார். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் தன் கையால் பூ வாங்கியது இதுதான் முதல் தடவை. மடத்துச் சமாதியைச் சுற்றி வந்து வேண்டிக்கொண்டால் குழந்தை பிறக்கும் என்று யாரோ சொல்லித்தான் இவ்வளவு தூரம் அழைத்து வந்தாராம். மாமியார் பேசின பேச்செல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. மனசு நிறைந்திருக்கிறது.

இப்படிக்கு,
தங்கை தாட்சாயிணி

*

கள்ளிக்குப்பம்
16-8-1935

சௌபாக்கியவதி தாட்சாயிணிக்கு,

அண்ணன் வரதன் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுதவும். அண்ணிக்குக் கால் தேவலை.

உன் கடிதத்தைச் சாமுண்டிதான் எல்லோருக்கும் படித்துக் காட்டினாள். நீ சொல்லிக் கொடுத்த எழுத்தாயிற்றே, தடங்கலில்லாமல் படித்தாள். அந்த நாவல் பழ நிறப் பூவின் விதை கிடைத்தால் வேண்டுமாம். அம்பத்தூர் ஏரியில் தண்ணீர் இடுப்பளவுதான். நாற்று விடலாமா என்று யோசனையாக இருக்கிறது.

மாப்பிள்ளை மனசு மாறியது உன் பொறுமைக்குக் கிடைத்த பலன். அவரை நான் விசாரித்ததாகச் சொல். அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம். நல்லபடியாக வேண்டிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
வரதன்

*

மாவள்ளி, பெங்களூர்
3-9-1935

வெள்ளானூரில் இருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு,

தாட்சாயிணி நமஸ்காரம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டபடி இருக்கிறேன்.

நீங்கள் வெள்ளானூரில்தான் இருக்கிறீர்களா என்பதுகூட எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தோட்டத்தில் ஏரிக்கரைக் கல்பெஞ்சில் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதாகப் போனீர்கள். நான் எழுந்திருக்கவேயில்லை. வந்து பார்த்துத் தேடுவீர்களே என்று பக்கத்துக் குழாய்க்குக்கூடப் போகவில்லை. காவல்காரர் வந்து வாசல் அடைக்கப்போவதாகச் சொன்ன பிறகுதான் மடத்துக்குத் திரும்பினேன். அங்கே உங்கள் பெட்டி இல்லை.

யாராவது அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பினார்களா? மாமியாருக்கு உடம்பு சரியில்லையா? சொல்லிவிட்டுப் போனால் நான் அழுவேன் என்று நினைத்தீர்களா? தனியாக இருக்கும் பெண்ணுக்கு இங்கே மூன்று நாள்தான் இடம். கெங்கம்மாள் சொல்லி, மடத்து நிர்வாகம் பார்க்கும் பாருபத்தியக்காரர் என்னைச் சமையற்கட்டில் காய் நறுக்க இருக்கச் சொல்லியிருக்கிறார்.

என்மேல் ஏதாவது குறை இருந்தால் அதை எழுதுங்கள். ஒரு கார்டு போதும்.

இப்படிக்கு,
தாட்சாயிணி

*

மாவள்ளி, பெங்களூர்
24-11-1935

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தாட்சாயிணி வணங்கி எழுதியது. அங்கே எல்லோரும் சுகமா? எனக்கு இப்போது தேவலை.

இத்தனை நாளாக உங்களுக்கு எழுதாதது என் தப்புத்தான். உங்கள் மாப்பிள்ளை ஆவணி மாசமே என்னைத் தோட்டத்தில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார். வெள்ளானூருக்கு இரண்டு மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. உங்களுக்கு எழுதினால் நீங்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் நிற்பீர்கள். அவரே வந்துவிடுவார், ஊருக்குத் தெரியாமல் முடிந்துவிடும் என்று இருந்தேன். அதற்குள் விஷக் காய்ச்சல். புரட்டாசியும் ஐப்பசியும் எனக்கு நினைவில்லை. கெங்கம்மாள் கஞ்சி ஊற்றிக் காப்பாற்றினார்கள். தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்ததால் மழித்துவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே யாரோ மாதிரி இருக்கிறது.

நீங்கள் வெள்ளானூர் போய், அவர் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். வழியில் ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வேன் என்று அதே பயமாக இருக்கிறது. கோபமாகப் பேசாதீர்கள். முடிந்தால் வந்து என்னை அழைத்துப் போங்கள்.

இப்படிக்கு,
தங்கை தாட்சாயிணி

*

அம்பத்தூர்
19-1-1936

தங்கை தாட்சாயிணிக்கு,

வரதன் எழுதியது. உன் உடம்பு தேறியதற்கு ஆண்டவனுக்கு நன்றி.

உன் கடிதம் கார்த்திகையிலேயே வந்தது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மாப்பிள்ளை உயிரோடு வெள்ளானூரில்தான் இருக்கிறார். அவருக்கு ஒன்றுமில்லை. அதற்குமேல் இப்போது கேட்காதே.

நீ இருக்கிற இடம் சாமி இருக்கிற இடம். சோறு போடுகிறார்கள், மானமாக நடத்துகிறார்கள். கொஞ்ச காலம் அங்கேயே இரு. நான் வந்து அழைத்து வருவது இப்போதைக்கு முடியாது. வெள்ளானூருக்கு இனி நீ எழுதக் கூடாது. எனக்கும் வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் மண்டி வைத்திருக்கும் உஸ்மான் கனி மேற்பார்வையில் என்று போடு. அவர் என்னிடம் சேர்ப்பார்.

தாட்சாயிணி, நீ பிழைத்திருக்கிறாய் என்று தெரிந்தபோது நான் அடைந்த சந்தோஷம் ஆண்டவனுக்குத் தெரியும். அதை மட்டும் நம்பு.

வரதன்

*

மாவள்ளி, பெங்களூர்
2-2-1936

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தாட்சாயிணி வணங்கி எழுதியது. நான் சுகம். உங்கள் கடிதம் வந்தது.

அவர் உயிரோடு இருக்கிறார் என்றதும் மடத்துச் சமாதியில் விளக்கு வைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். உயிரோடு, சுகமாக, வீட்டில் இருக்கிறவர் என் கடிதத்துக்குப் பதில் போடவில்லை. என்னைப் பிடிக்கவில்லை என்றால் கள்ளிக்குப்பத்தில் கொண்டுவந்து விட்டிருக்கலாமே. வேறு ஒருத்தியைக் கட்டிக்கொள்ள வேண்டுமென்றால் நான் குறுக்கே நின்றிருப்பேனா? ஊரில் இரண்டு பெண்டாட்டிக்காரர்கள் இல்லையா?

நீங்களும் அண்ணியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை, சாமுண்டியைப் பற்றி எழுதவில்லை. நீங்கள் எழுதினால் அவள் ஏதாவது கேட்டு எழுதச் சொல்லாமல் விட்டதில்லையே. அவளுக்கு உடம்பு சரியில்லையா? மறைக்காதீர்கள்.

பங்குனியில் நானே புறப்பட்டு வருகிறேன். அரக்கோணத்தில் வண்டி மாறி அம்பத்தூரில் இறங்கிவிடுவேன். உங்கள் வீட்டில் ஒரு மூலை போதும் எனக்கு.

இப்படிக்கு,
தங்கை தாட்சாயிணி

*

அம்பத்தூர்
27-3-1936

தங்கை தாட்சாயிணிக்கு,

வரதன் எழுதியது. சுகத்துக்கு எழுதவும்.

நீ வர வேண்டாம். ஊரில் அம்மை போட்டிருக்கிறது. கள்ளிக்குப்பத்தில் வீட்டுக்கு வீடு வேப்பிலை கட்டியிருக்கிறார்கள். உன் உடம்பு இருக்கிற நிலையில் தாங்காது. அம்மை இறங்கினாலும் வராதே. நான் எழுதுகிற வரைக்கும் வராதே. அண்ணன் உன்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

சாமுண்டி சுகம். அவளுக்கு ஐப்பசியில் கல்யாணம் முடிந்துவிட்டது. திடீரென்று கூடிவந்தது. நிலம் நீர் உள்ள இடம், பக்கத்திலேதான்.

வரதன்

*

மாவள்ளி, பெங்களூர்
6-4-1936

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தாட்சாயிணி வணங்கி எழுதியது. அம்மை இறங்கியதா? குழந்தைகளுக்கு ஒன்றுமில்லையே?

சாமுண்டிக்குக் கல்யாணமா? நான் காய்ச்சலில் கிடந்தபோது அவள் மணையில் உட்கார்ந்திருக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறது அண்ணா. வருத்தமாகவும் இருக்கிறது. அவளுக்குத் தலை பின்னிவிட்டவள் நான், அத்தை முறைக்குச் செய்ய வேண்டியவளும் நான். எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா?

மாப்பிள்ளை பெயர் என்ன, எந்த ஊர் என்று எழுதவில்லையே. பக்கத்தில் என்றால் அண்ணனூரா, பூந்தமல்லிப் பக்கமா? நிலம் நீர் இருக்கட்டும், பையன் குணம் எப்படி? அவள் வாயாடி, ஆனால் யாராவது முகத்தைச் சுளித்தால் சாப்பிட மாட்டாள். அவள் மாமியாரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எனக்கு லால்பாக்கில் களை எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. காலையில் தோட்டம், பிறகு மடம். அந்தக் கல்பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலில் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். இப்போது அப்படிச் செய்வதில்லை.

சாமுண்டியின் விலாசம் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கை தாட்சாயிணி

*

வெள்ளானூர்
11-7-1936

அன்புள்ள அத்தைக்கு,

சாமுண்டீஸ்வரி அநேக நமஸ்காரம். நீங்கள் சுகமா என்று கேட்டு எழுதவே எனக்குக் கை வரவில்லை. நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள் என்று சொன்னார்கள் அத்தை.

போன ஆவணிக் கடைசியில் மாமா பெட்டியோடு தனியாக வந்து எங்கள் வீட்டு வாசலில் விழுந்து அழுதார். உங்களுக்குக் காலரா கண்டு ஒரே ராத்திரியில் போய்விட்டதாகவும், அந்த ஊர் ஆட்கள் துணிமணியோடு எரித்துவிட்டதாகவும் சொன்னார். அப்பா மண்ணில் புரண்டார். யாரும் சந்தேகப்படவில்லை. இப்படி அழுகிற மனுஷன் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்? வெள்ளானூரில் உங்களுக்குக் கருமாதி நடந்தது. நான் மூன்று நாள் சாப்பிடவில்லை.

பிறகு மாமாவின் அம்மா தட்டோடு வந்தார்கள். உறவு விட்டுப்போகக் கூடாது, சாமுண்டியைக் கொடுங்கள் என்றார்கள். அப்பா என்னைக் கேட்டார். நான் சரி என்றேன். உங்கள் வீடு, நீங்கள் புழங்கிய இடம், அங்கே போய் இருந்தால் உங்கள் பக்கத்தில் இருப்பது போலிருக்கும் என்று நினைத்தேன். ஐப்பசியில் கட்டி வைத்தார்கள்.

நீங்கள் பிழைத்திருப்பதாக அப்பாவுக்குக் கடிதம் வந்தது அதற்குப் பிறகுதான். அப்போது அப்பா வெள்ளானூர் வந்தார். முற்றத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். எனக்கு அப்போது புரியவில்லை. ஆனி மாசம் அம்பத்தூர் போனபோது உஸ்மான் கனி வீட்டு மஹ்பூபா அக்கா, உங்கள் அத்தை பெங்களூரில் எப்படி இருக்கிறார்கள் என்று சாதாரணமாகக் கேட்டார்கள். நான் அப்பாவின் காலைப் பிடித்துக் கேட்டேன். எல்லாம் சொன்னார். கடைசியில் சொன்னார்: "அத்த வந்துட்டா நீ யாரும்மா? ஊரு உன்ன இன்னான்னு சொல்லும்? எனக்கு ரெண்டு கண்ணு. எத குத்திக்கச் சொல்ற?"

மாமா என்னை அடிப்பதில்லை. தபால்காரர் தெருவில் வந்தால் கொல்லைப் பக்கம் போய்விடுவார். உங்கள் கடிதங்களை வாங்கி அடுப்பில் போட்டது மாமாவின் அம்மாதான். உங்கள் புடவைகளைத்தான் என்னைக் கட்டச் சொல்கிறார்கள். கட்டிக்கொண்டு நடக்கிறேன். தெரிந்த பிறகு இந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது.

வாருங்கள் அத்தை. நீங்கள் உங்கள் இடத்தில் இருங்கள். நான் ஒரு மூலையில் இருந்துகொள்கிறேன். அப்பா சொல்வதைக் கேட்காதீர்கள். வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சாமுண்டி

*

மாவள்ளி, பெங்களூர்
20-9-1936

அண்ணன் அவர்களுக்கு,

வெள்ளானூருக்குப் பெங்களூர் மடத்துக்காரி ஒருத்தி வந்து போனாள் என்று இதற்குள் உங்களுக்குச் சேதி வந்திருக்கும். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நடந்ததை நானே எழுதுகிறேன்.

சாமுண்டியின் கடிதம் ஆடியிலேயே வந்தது. அதைப் படித்துவிட்டு எப்போதும்போல் களை எடுக்கப் போனேன். எத்தனையோ யோசித்தேன். அவரோடு வாழ வேண்டும் என்று நான் புறப்படவில்லை. அந்த ஆசை கல்பெஞ்சிலேயே போயிற்று. பெண்ணை என்னோடு அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டேன். பாருபத்தியக்காரரும் அவளுக்கு இடம் தருவதாகச் சொன்னார்.

ஆவடியில் இறங்கி நடந்தேன். வழியில் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் எதிரே வந்தார்கள். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. மயிர் இன்னும் காதளவுதான் வளர்ந்திருக்கிறது. உடம்பில் மடத்துக் காவிப் புடவை.

வீட்டு வாசலில் சொர்ணவாரி நெல் கதிரடிப்பு நடந்துகொண்டிருந்தது. ஊர் ஆட்கள் பாதிப்பேர் களத்தில் இருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பார்த்த உடனே அவருக்கு என்னைத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த கதிர்க்கட்டை அப்படியே கீழே போட்டுவிட்டு, யாரம்மா நீ என்று கேட்டார். தாட்சாயிணி என்றேன். கதிரடித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமியார் உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையாரி வேம்புலிதான் கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"அந்தம்மா ஜாடதான் கீது" என்றான்.

அவர் சிரிக்கப் பார்த்தார். "பெங்களூர் மடத்துல இதுமாரி எத்தினியோ பேரு. செத்தவ பேர கேட்டுக்கினு வந்து ஊட்டாண்ட நிப்பாளுங்க" என்றார். அவர் என் பக்கம் பார்க்காமல் சொன்னது வேம்புலிக்கும் தெரிந்திருக்கும்.

என் கழுத்தில் அவர் கட்டிய தாலி இருந்தது. அதை வெளியே எடுத்துக் காட்டினால் போதும். வெள்ளானூர்த் தட்டான் செய்த தாலி, அவன் அங்கேயே களத்தில் நின்றிருந்தான். என் கை அதற்குத்தான் போயிற்று.

அப்போது சாமுண்டி வெளியே வந்தாள். என் பச்சைப் புடவை. அண்ணா, அவளுக்கு ஐந்து மாசம் இருக்கும். எனக்கு அவள் எழுதவில்லை. எழுதும்போது அவளுக்கே தெரியாதோ என்னவோ. வேம்புலி அவளைப் பார்த்து, "நீ சொல்லு பாப்பா. உன்ன வளத்தவங்களாச்சே. இது உங்கத்தையா?" என்று கேட்டான்.

அவளுக்கு என்னைத் தெரிந்தது. அதில் சந்தேகமில்லை. என் தலையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். பிறகு களத்தில் நின்ற ஜனங்களைப் பார்த்தாள். ஒரு கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"எங்கத்த செத்துப் பூட்டாங்க" என்றாள். "இவுங்க யாரோ."

அண்ணா, அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இதைச் சத்தியமாக எழுதுகிறேன். அவளை வரச் சொல்லி அழைத்துப் போய் அவள் குழந்தையை மடத்துத் தாழ்வாரத்தில் வளர்க்கலாம் என்று நான் நினைத்திருந்தது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் தாலியைக் காட்டினால் அவர் தலை குனிவார். இரண்டு நாள் குனிவார். அவளுக்கும் வயிற்றில் இருப்பதற்கும் காலமெல்லாம் பெயர் வைப்பார்கள்.

கையை எடுத்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"ஆமாப்பா. அது சொல்றதுதான் நெசம்" என்றேன். "மடத்து அன்னதானத்துக்கு அரிசி கேக்க வந்தேன். பேரச் சொன்னா இரக்கப்பட்டுப் போடுவாங்கன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

ஜனங்கள் திட்டினார்கள். ஒருத்தன் அடிக்க வந்தான், வேம்புலி தடுத்தான். மாமியார்தான் அரிசி போட்டு அனுப்பச் சொன்னாள். சாமுண்டி முறத்தில் கொண்டுவந்தாள். நான் முந்தானையை விரித்தேன். முறம் சாய்ந்ததில் பாதி அரிசி மண்ணில் கொட்டிவிட்டது. பொறுக்குவதற்குக் குனிந்தாள். குனிந்தவள் நெற்றி என் பாதத்தில் பட்டது. நிமிர நேரமாயிற்று. பார்த்தவர்களுக்கு அரிசி பொறுக்குகிற மாதிரிதான் இருந்திருக்கும். "எழுந்திரும்மா, வயித்துப் புள்ளக்காரி" என்று மட்டும் சொன்னேன்.

கள்ளிக்குப்பத்துக்கு வரவில்லை. நேராக ஆவடிக்கு நடந்து வண்டி ஏறிவிட்டேன். அந்த அரிசியைக் கெங்கம்மாளிடம் கொடுத்தேன். மறுநாள் பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.

உங்களை நான் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் ஒரு கண்ணைக் குத்திக்கொண்டீர்கள், எதை என்பது உங்கள் இஷ்டம். ஏழாம் மாசத்துக்கு முன்பே சாமுண்டியைக் கள்ளிக்குப்பத்துக்கு அழைத்து வந்துவிடுங்கள். அந்த வீட்டில் பிரசவம் வேண்டாம். அன்றைக்கு நடந்ததை அவளிடம் கேட்காதீர்கள், இந்தக் கடிதம் வந்ததாகவும் காட்டிக்கொள்ளாதீர்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

மடத்துப் பெரியவரிடம் சொல்லி வேறு பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது உங்களுக்கு வேண்டாம். தாட்சாயிணி என்ற பெயருக்கு இனித் தபால் வந்தால், அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். மடத்தில் பொய் சொல்ல மாட்டார்கள்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.